காண்டலும் வினையாமோ?

அளவைகள் மூன்றனுள் காண்டல் முதலாவது. கருதலும் உரையும் அதனைச் சார்ந்தே நிற்பன. புகையை முன்பு கண்டவனே புகையினால் தீயைக் கருதுவான். எழுத்தையும் ஒலியையும் வாயில்களாற் பற்றியவனே உரையினால் உணர்வான். இத்துணைச் சிறப்புடைய காண்டலைப் பற்றி அளவை நூலார் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். ஐயமும் திரிவும் இன்றி எவ்வாறு காண்பது, கண்டது மெய்யென எவ்வாறு துணிவது என்பன அவர்தம் ஆராய்ச்சி. ஆயினும், காணப்படும் பொருளுக்குக் காண்பானால் வருவது யாது என்னும் வினா அங்குப் பெரிதும் எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர் எடுத்துக்காட்டும் பொருள்கள் குடமும் ஆடையும் கயிறும் இப்பியுமே. குடத்தை எத்துணை நேரம் உற்று நோக்கினும் குடத்துக்குக் கேடொன்றில்லை. காணப்படுவது பிறிதோர் உயிராயின் என்னாம்? தன்னைக் காண்பானைத் தானும் கண்டு, அவன் வரவால் அஞ்சித் தன் தொழிலைவிட்டு நீங்குமாயின் என்னாம்? அப்பொழுது காண்டல் அறிவாய் மட்டும் நிற்குமோ, வினையாயும் முடியுமோ?

இவ்வினா ஏட்டினின்றும் எமக்கு எழுந்ததன்று. சென்ற சித்திரைத் திங்களின் முதல் வாரத்தில், இளவேனிற் காலையொன்றில், ஓர் ஏரிக்கரையில் எழுந்தது. அறுபது ஆண்டைக் கடந்த பின்னர் ஒரு பறவையினிடத்துப் பாடங்கேட்க நேர்ந்ததனை அன்பர்களுக்கு மறைக்க விரும்புகின்றிலோம்.

யாம் வாழ்வது பண்ருட்டி. கெடில நதியின் அருகே திருவதிகை வீரட்டானம் விளங்குவதும், உண்மைவிளக்கம் அருளிய மனவாசகங்கடந்தார் தோன்றியதும் இப்பகுதியே. இங்கிருந்து தெற்கே பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் நிறைந்த செம்மண் மேட்டு நிலத்தைக் கடந்தால் நெய்வேலி. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர் அங்கே பெருநகரியம் ஒன்று எழுந்தது. அந்நிலக்கரிப் படுகையின் அடியில் மிக்க அழுத்தத்துடன் நீர் அடங்கிய மணற்படுகை உளது. அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் அடிநிலம் பிளந்துபோம். சுரங்கத்தினின்றும் வெளியேற்றப்படும் நீரில் ஒரு பகுதி பரவனாற்று வழியே வாலாசா ஏரிக்கும், அதற்கப்பால் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்கு உதவுகின்றது. பறவைகளும் அந்நீரை நாடி வருகின்றன. சுரங்கத்துக்காக நிலம் இழந்தோர் குறையும், நிலத்தடி நீர் தாழ்ந்ததெனும் உழவர் முறையீடும் வேறாக ஆராயத்தக்கன.

எம்மிடம் நன்னூல் பாடங்கேட்டவரும், இப்பொழுது நெய்வேலியில் பணிபுரிபவருமாகிய மாணாக்கர் ஒருவர் பறவைகளை நோக்குதலில் பெருவிருப்பம் உடையவர். "ஐயா, புள்ளினங்களின் பெயர்களைப் பாட்டில் விளக்குகின்றீர்களே, ஒருநாள் வந்து நேரிற் பாருங்கள்" என்று பலமுறை அழைத்தார். அன்று விடியுமுன் எம்மை வாலாசா ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றார். இருகண் வைத்து நோக்கும் தொலைநோக்கி ஒன்றனையும் எம் கையில் தந்தார்.

வலசை வந்த வாத்துகள் பெரும்பாலும் வடதிசை மீண்டுவிட்ட காலம் அது. எனினும் ஏரி வறிதாய் இருக்கவில்லை. முதலில், நீரின் விளிம்பில் வெண்மையாய் ஏதோ ஒன்று உளது என்ற அளவே எமக்குப் புலனாயிற்று. பெயர் முதலியன தோன்றாது பொருளின் உண்மை மாத்திரம் தோன்றுதலின் இது நிருவிகற்பக் காட்சி. பின்னர், கொக்கோ நாரையோ எனத் துணிவின்றி நின்றது ஐயக்காட்சி. தொலைநோக்கியைத் திருத்தி நோக்கவே, நத்தைகுத்தி நாரை எனப் பெயரும், நாரையினம் எனச் சாதியும், சாம்பல் கலந்த வெண்மை எனக் குணமும், சேற்றைத் துழாவி நத்தையை எடுத்தலாகிய கன்மமும், இரு தாடைக்கும் நடுவே இடைவெளி தோன்றும் அலகுடைமையாகிய பொருளும் ஐந்தும் ஒருங்கே விளங்கின. சவிகற்பக் காட்சிக்கு நூல்கள் கூறும் ஐந்தும் அவ்வாறு முறையே அமைந்ததைக் கண்டு யாம் பெரிதும் மகிழ்ந்தோம்.

திரிவுக் காட்சிக்கும் அங்கே எடுத்துக்காட்டு இருந்தது. வரப்பின் ஓரத்தில் மண்ணாங்கட்டி ஒன்று கிடப்பதாகவே கருதி அதனைக் கடந்தோம். அக்கட்டி எழுந்து வெண்சிறகு விரித்துப் பறந்தது. அது மடையான். குருட்டுக் கொக்கு என்றும் அதனை வழங்குவர். அது குருடன்று, பிறர் தன்னைக் காணாவாறு அசைவற்று நிற்றலின் மக்கள் அங்ஙனம் பெயரிட்டனர் போலும். காணமாட்டாதார் நாமாக இருக்கக் குருட்டுப் பெயர் அதற்கு வந்தது என்று சொல்லி மாணாக்கரோடு நகைத்தோம். அந்நகை நெடுநேரம் நிற்கவில்லை.

சற்று அப்பால், நீர் வற்றிச் சரளைக் கற்கள் பரந்த வெளியில் ஆட்காட்டிப் பறவை ஒன்று கத்திக்கொண்டு எழுந்தது. சிவந்த மூக்கும், கண்ணின் முன் சிவந்த தசையும், மஞ்சள் நிறக் கால்களும் உடைய அதனை அறியாத உழவர் இலர். ஆள் வரக் கண்டால் ஓயாது கத்திப் பிற உயிர்களுக்கெல்லாம் அறிவிப்பதால் அப்பெயர் பெற்றது. அதன் துணையும் வந்து சேர, இரண்டும் எம் தலைக்கு மேலே சுழன்று கத்தின. மாணாக்கர் நின்றுவிட்டார்.

"ஐயா, இதற்குமேற் போகவேண்டா. இங்கே எங்கோ முட்டையிட்டிருக்கின்றது. நம்மை அகற்றவே கத்துகின்றது" என்றார்.

"ஒருமுறை கண்ணாற் கண்டு திரும்புவோம். தொடப்போகின்றோமா?" என்றோம் யாம்.

ஆசிரியர் சொல்லை மறுக்க அவர் துணிந்திலர். யாம் முன்னே நடந்தோம். கூடென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தரையிற் சிறு குழி, சுற்றிலும் சில கற்கள். அதனுள் நான்கு முட்டைகள் கூர்முனைகள் உள்நோக்கி அடுக்கி வைத்தாற்போலக் கிடந்தன. மண்ணின் நிறமும் கரும்புள்ளிகளும் உடைமையால் கல்லினின்றும் அவற்றைப் பிரித்தறிதல் அரிதாயிருந்தது. அங்கேயே நின்று, அப்பறவையின் பெயர்க்காரணத்தையும் அச்சொல் புணர்ந்த முறையையும் மாணாக்கருக்கு விரித்துரைத்தோம். ஞாயிறு மேலேறியது. பறவைகள் கத்திக்கொண்டே இருந்தன. அக்குரலை எம் உரைக்கு இடையூறென்றே கருதினோம். அதனை ஒரு சொல்லாகக் கேட்டிலோம்.

யாம் கரைக்கு மீண்டபோது அவ்விரண்டும் எம்மைத் தொடர்ந்து வந்தன. வெகுதூரம் எம்மைத் துரத்திவிட்டே திரும்ப எண்ணின போலும். அவ்வளவில், பனையொன்றில் அமைதியாக அமர்ந்திருந்த காக்கை நாங்கள் நின்ற இடத்தில் இறங்கிற்று. ஆட்காட்டிகள் கண்டு பாய்ந்து வருமுன் அது ஒரு முட்டையைக் குத்தி அலகிற் கொண்டு எழுந்துவிட்டது. தொலைநோக்கி எம் கையிலேயே இருந்தது. அன்று கண்ட காட்சிகளுள் மிகத் தெளிவாகக் கண்டது அதுவே.

மாணாக்கர் ஒன்றும் கூறினாரல்லர். வாயிற் காட்சியிலே தொடங்கிய அன்றைய காலை, தன்வேதனைக் காட்சியிலே முடிந்தது. உள்ளத்து எழும் இன்ப துன்பத்தை உயிர் தானே அறிவது தன்வேதனை என்பர். அதற்கு ஐயமும் இல்லை, திரிவும் இல்லை.

நிற்க. இனி வினாவை ஆராய்வோம். யாம் முட்டையைத் தொட்டிலோம், கல்லெறிந்திலோம், பறவைக்குத் தீங்கு வேண்டும் என்று மனத்தாலும் எண்ணினோமல்லோம். கண்டதன்றிச் செய்தது வேறில்லை. இக்காண்டல் வினையாகுமோ?

ஆகாது என்பார் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். வினைக்குக் கருத்தே உயிர். தக்கன் செய்த வேள்வி செயலால் நல்வினை. சிவபெருமானை இகழும் கருத்தொடு செய்ததாதலின் தீவினையாய் முடிந்தது. சண்டேசுரர் தந்தையின் தாளை எறிந்தது செயலாற் கொடிது. அன்பினால் நிகழ்ந்ததாதலின் பேறாய் முடிந்தது. எனவே, தீய கருத்தில்லாத காண்டல் தீவினை ஆகாது என்பர்.

இது பொருத்தமுடையதன்று. அவ்விருவர் வரலாறும் செயலினும் கருத்து வலிதென்று காட்டுவன உண்மையே. ஆயின் சண்டேசுரர் கருத்து, தீங்கு எண்ணாமை என்னும் அளவில் நின்றதோ? தம்மையும் தம் சுற்றத்தையும் மறந்து பூசையிலே முற்றும் பதிந்து நின்ற கருத்து அது. எம் கருத்து அத்தகையதன்று. எம் மனம் பறவையிடத்தும் இருந்ததில்லை. கண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் விருப்பத்திலும், அறிந்ததை எடுத்துரைக்கும் புலமையிலும் அது பதிந்திருந்தது. தீய கருத்தின்மையும் நல்ல கருத்துடைமையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே அகன்றதோர் இடம் உண்டு. எம்மனோர் வாழ்நாளிற் பெரும்பகுதி அவ்விடத்திலேயே கழிகின்றது. அங்கே நாம் ஒருவருக்கும் தீங்கு நினைப்பதில்லை; ஒருவரையும் நினைப்பதுமில்லை.

அறியாமையாற் செய்ததாதலின் பொறுக்கத்தக்கது எனின், அறியாமை என்பது யாது எனச் சித்தாந்தியை வினவுதல் வேண்டும். ஏனையோர் அறியாமையை அறிவின் இன்மை என்பர். நம் நூல்களோ அதனை ஆணவத்தின் செயலாகக் கொள்ளும். அது வெறும் இன்மையன்று. அறிவை மறைத்து நிற்கும் ஒரு பொருளின் ஆற்றல். அன்று எமக்கு அறிதற்கு வேண்டுவன யாவும் இருந்தன. பறவை கத்திற்று, மாணாக்கர் தடுத்தார், அப்பெயரின் பொருளை யாமே வாயாற் சொன்னோம். ஆள் வந்ததனை அறிவிக்கும் பறவை என்று பொருள் உரைத்தவர், அவ்வாள் தாமே என்பதனை உணராது நின்றனர். இவ்வறியாமைக்குப் பொறுப்பு எவர்மேலது?

முட்டையைக் கொண்டது காக்கை. பசித்த உயிர் தன் இரையை எடுத்தது. இதில் நுமக்குப் பங்கென்ன என்று வினவுதலும் கூடும். காக்கையைக் குறை கூறுதற்கில்லை. நாரை மீனை உண்கின்றது. நத்தைகுத்தி நத்தையை உண்கின்றது. விலக்கும் விதியும் அறிந்து ஒழுகும் கடமை மக்களுக்கே உரியது. ஆட்காட்டிக்கும் காக்கைக்கும் இடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு உண்டு. ஒன்று காக்கும், மற்றொன்று காலம் பார்க்கும். காவல் தவறாதவரை காக்கை பனையிலேயே இருந்தது. அக்காவலைத் தம்பால் ஈர்த்துக்கொண்டவர் யாம். காவலனை ஊர்க்கோடிக்கு அழைத்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, களவு செய்தவன் வேறொருவன் என்று சொல்லுதல் முறையாமோ?

இன்னும் வலியதொரு தடை உளது. அதனை எழுப்பியவர் எம் மாணாக்கரே. எம் வருத்தங்கண்டு ஆற்றுவான் கருதி, திரும்பும் வழியில் அவர் கூறினார்: "ஐயா, இவ்வேரிக்கு நீர் வருவது சுரங்கத்தினின்று. அங்குள்ள பொறிகள் பறவைகளை நினைத்து நீரிறைப்பதில்லை. எனினும் பறவைகள் வாழ்கின்றன. நினையாது செய்த நன்மைக்கு அங்கே புண்ணியம் இல்லையாயின், நினையாது செய்த தீமைக்கு உங்களுக்கு மட்டும் பாவம் ஏது?"

கூரிய வினா. இருபுறமும் ஒத்த நியாயம் வேண்டுமென்பதே அதன் கருத்து. ஆராயின், இரண்டும் ஒவ்வா. பொறிக்கு அறிவில்லை, ஆதலின் அதற்கு நினைத்தலும் இல்லை, நினையாமையும் இல்லை. நினைத்தற்கு உரியது நினையாதபோதே நினையாமை என்னும் சொல் பொருந்தும். கல்லைக் குருடென்று யாரும் சொல்லார். காணுதற்கு உரிய கண்ணே காணாதபோது குருடு எனப்படும். நீரை விடுப்போர் மக்களாயிற்றே எனின், அவர் உழவரை நினைத்து விடுக்கும் அளவில் அந்நன்மை அவருடையது. பறவையையும் நினைப்பராயின் அந்நன்மையும் அவருடையதாகும். நன்மை தானே நிகழினும் நினைப்பவனுக்கே உரியதாகும். தீமையோ, நினைக்க வேண்டிய இடத்து நினையாதவனையும் சாரும். உயிர்களுக்கு இதம் செய்தல் நல்வினை, அகிதம் செய்தல் தீவினை எனச் சிவஞானசித்தியார் வகுத்தமையை நோக்குக. இதம் தானாக நம் கையில் வந்து விழுவதன்று. பிற உயிரின் நிலையை ஓர்ந்து செய்யப்படுவது. அகிதத்துக்கோ ஓராமையே போதியது.

ஆகவே, காண்டலும் வினையாம் என்பது எம் துணிபு. காண்பானுக்கு உடம்பு உண்டு. அவ்வுடம்பு ஓரிடத்தில் நிற்கும், நிழல் விழும், ஒலி எழும். சித்திரை வெயிலில் தாய் அகன்ற முட்டை சிறிது நேரத்திலேயே கொதிக்கத் தொடங்கும். ஆட்காட்டி தன் வயிற்றிறகை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும் இயல்புடையது எனப் பறவைநூல் வல்லார் கூறுவர். யாம் நின்று சொல்லிலக்கணம் உரைத்த நேரம் அவ்வுயிர்க்கு எத்துணைக் கொடிய நேரம் என்பதனை அப்பொழுது எண்ணினோமல்லோம்.

அற்றேல், பிற உயிரைக் காணாதொழிதலே அறமோ? கண்ணை மூடிக்கொண்டு வீட்டில் இருப்பின் தீங்கில்லையன்றோ? அதுவும் அன்று. காணாதவன் காக்கவும் மாட்டான். நாட்டில் நடந்தன இரண்டனை எடுத்துக்காட்டுவோம்.

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடுகட்டி வாழ்தலை அவ்வூரார் பல தலைமுறையாகக் கண்டு வந்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாதலையும் அறிந்தனர். ஆங்கிலப் படைவீரர் அங்கே வந்து பறவைகளைச் சுடத் தொடங்கியபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் எழுத்து மூலமாக, கவுல் என்னும் பத்திரமாக, அவர்களுக்கு அளித்தார். 1936-இல் அவ்வேரி சரணாலயமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஈரநிலங்களைக் காத்தற்காக 1971-இல் ஈரான் நாட்டு இராம்சார் நகரில் நாடுகள் பல செய்துகொண்ட உடன்படிக்கையின் பட்டியலில் 2022-இல் அது சேர்ந்தது. எமக்கு அணித்தாகிய விழுப்புரம் மாவட்டத்துக் கழுவெளியும் 2021-இல் சரணாலயமாகி, 2024-இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. இவையனைத்துக்கும் முன்னோடியாய் நின்றது, கற்றார் எவரும் அறிவிக்குமுன் தம் ஏரியைத் தாமே உற்று நோக்கிய சிற்றூராரின் காண்டலே.

அவர் எருவை வேண்டியன்றோ காத்தனர், அது தந்நலமன்றோ எனின், ஆம். தந்நலமும் அதிற் கலந்திருந்தது. ஆயினும் தந்நலத்தில் தொடங்கியதெல்லாம் தந்நலத்திலேயே முடியவேண்டும் என்னும் நியதி இல்லை. தீட்சை பெற்ற அன்றே எவரும் ஞானத்தில் நிற்பதில்லை. சரியையில் தொடங்கியே மேற்செல்கின்றனர். பயன் கருதிக் காத்தவர் மக்கள், பயனை மறந்தும் காப்பர். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்களை நோக்குக. கூடுகட்டியிருக்கும் பறவைகள் வெருளுமென்று அவர்கள் தீபாவளியன்று வெடி வெடிப்பதில்லை. சிறுவர் உள்ளம் வெடியை எவ்வளவு விரும்பும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வூர்ச் சிறுவர் அவ்வொலியை விட்டுக்கொடுக்கின்றனர். ஆண்டு முழுதும் தலைக்கு மேலே பறக்கும் உயிர்களைக் கண்டு வளர்ந்தமையாலன்றோ அவர்க்கு இது கூடிற்று? காணாதவனிடம் இதனைச் சட்டத்தாற் பெறலாகாது.

ஆதலின் காண்டலை ஒழித்தல் வேண்டா. காணும் முறையைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அம்முறை யாது? நம் சமயத்திலேயே அதற்கு ஒளி உண்டு. இறைவன் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. அருளே வடிவாகிய முதல்வன் தன்னை ஏன் மறைத்தல் வேண்டும் எனத் தொடக்கத்தில் மாணாக்கர் மயங்குவர். அவன் தன்னை மறைத்து நிற்றலினாலேயே உயிர்கள் தத்தம் நுகர்ச்சியில் ஈடுபட்டு, காலம் வந்துழிப் பக்குவம் எய்துகின்றன. ஆதலின் மறைத்தலும் அருளே என ஆசிரியர் விளக்குவர். அவன் உயிர்களை ஓயாது காண்கின்றான். தன்னைக் காட்டி அவற்றின் தொழிலைக் கலைத்தல் இல்லை. உயிர் கண்ணுக்குக் காட்டியும் உடன் கண்டும் உதவுவது போல, அவன் உயிருக்குக் காட்டியும் கண்டும் உதவுகின்றான். அவ்வுதவியும் உயிர் அறியாதவாறே நிகழ்கின்றது.

சிற்றறிவுடைய உயிர் முதல்வனோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்ளல் தகாது. எனினும் அவன் காணும் முறையிலிருந்து நாம் காணும் முறைக்கு ஒரு பாடம் கொள்ளுதல் தகும். சரணாலயங்களில் காண்பார் தொலைவில் நிற்குமாறு கோபுரம் அமைத்து, குரல் எழுப்பாதீர், வழிவிட்டு இறங்காதீர் என விதித்துள்ளனர். முன்னர் அவற்றை அரசின் கட்டளைகள் என்றே எண்ணியிருந்தோம். இப்பொழுது, காண்பான் தன்னை மறைத்துக்கொள்ளும் நோன்பாகவே அவை எமக்குத் தோன்றுகின்றன. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் இயல்பினது. புலமையைச் சார்ந்து நின்றபோது கண்முன் இருந்த பறவையும் எமக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சுருங்கிற்று. பறவையையே சார்ந்து நின்றிருப்போமாயின், அதன் அச்சம் எம் அச்சமாகி, கால்கள் தாமே பின்வாங்கியிருக்கும்.

மக்களிடத்தும் இது பொருந்தாதோ? துயருற்றார் வீட்டில் நுழைந்து நேரிற் கண்டறிந்து வந்தோம் என்று சொல்லும் பொருட்டுக் காண்பவர் உளர். வறியவர் உணவு பெறும் வரிசையை நின்று நோக்குவோரும் உளர். தொடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தோம் அவ்வளவே என்பர். பார்க்கப்பட்டவரைக் கேட்டால் அதன் சுமை தெரியும். பிறர் நோவின் முன்னே யான் கண்டேன் என்பது தலையெடுக்குமிடத்தெல்லாம், அன்று எம் கையிலிருந்த தொலைநோக்கி அவர் கையிலும் இருக்கின்றது.

பத்து நாள் கழித்து மாணாக்கர் மீண்டும் எம்மை அழைத்தார். அவர் ஆசிரியரை அழைத்தாரேனும், சென்றது மாணாக்கராகவே. கரைமேல் ஒரு வேலமரத்தின் நிழலில் அமர்ந்தோம். அவர் எவ்விடத்தில் இருக்கச் சொன்னாரோ அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. தொலைவில் அச்சரளை வெளியில் ஆட்காட்டி ஒன்று தாழ்ந்து அமர்வதும், மற்றொன்று நீர்விளிம்பிலே நிற்பதும் தெரிந்தன. அமர்ந்த பறவையின் அடியில் மூன்று முட்டைகள் இருந்தனவோ, அவையும் காக்கைக்குப் போய் வறுங்குழியே இருந்ததோ, அறியேம். எழுந்து நாற்பது அடி நடந்தால் அறிந்திருக்கலாம். அறியும் விருப்பம் எமக்கு மிக இருந்தது. மாணாக்கர் எம் முகத்தை நோக்கினார்.

"இருக்கட்டும்" என்றோம்.

வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். அவ்வளவு நேரமும் அப்பறவை ஒருமுறையேனும் கத்தவில்லை.